பதினாலாம் நம்பர் அறைக்குக் காபி

ஆகஸ்ட் 2, சனி

சந்திரோதயம் லாட்ஜுக்கு வந்து சேர்ந்தாயிற்று. இனிமேல் லாட்ஜ் என்று சொல்லக் கூடாதாம். ‘தி சந்திரோதயம் ஹெரிடேஜ்’ என்று சொல்ல வேண்டுமாம். புதுப் பெயர்ப்பலகையை இன்னும் மாட்டவில்லை. சுவரில் சாய்த்து வைத்து மேலே சாக்குப் போட்டு மூடியிருக்கிறார்கள். டவுன் ஹால் ரோட்டிலிருந்து சந்துக்குள் திரும்பினாலே முன்பெல்லாம் மாடி வராண்டாவில் காயும் வேட்டிகள் கண்ணில் படும். இப்போது கட்டடம் முழுக்கப் பச்சை வலை. உள்ளே சாரம், சாரத்தின் மேல் ஆட்கள், அவர்கள் சட்டைப்பையில் செல்போன், அதில் பாட்டு.

இந்தக் கட்டடத்தின் வரலாற்றைச் சின்னப் புத்தகமாக எழுதிக் கொடுக்க வேண்டும். அறைக்கு ஒன்று வைப்பார்களாம். வசுமதி கேட்டாள், மறுக்க முடியவில்லை. கல்லூரியில் என்னிடம் சரித்திரம் படித்தவள். லாட்ஜைக் கட்டிய வெங்கடசாமி நாயுடுவின் பேத்தி. அவள் மகன் நிரஞ்சன் வெளிநாட்டில் ஹோட்டல் படிப்புப் படித்துவிட்டு வந்து, பல வருஷம் பூட்டிக் கிடந்த இடத்தைத் தூசி தட்டிக்கொண்டிருக்கிறான்.

"அண்ணா நகர்லதான மிஸ் உங்க வீடு? அங்கிருந்தே வந்து போகலாமே. இங்க ஒரே தூசியா இருக்கும்" என்றாள் வசுமதி. வீட்டில் மோட்டார் ரிப்பேர். தெருவில் சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். இருந்து பார்த்து எழுதினால்தான் எழுத்து நன்றாக வரும். மூன்று காரணம் சொன்னேன். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. பரீட்சையிலும் அப்படித்தான், அதிகம் எழுத மாட்டாள்.

செப்டம்பர் நாலு திறப்பு விழா. அதுவரை பதினாலாம் நம்பர் அறை எனக்கு. அன்றைக்குக் காலி செய்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். போகத்தான் வேண்டும், வேறு எங்கே போவது?

கிளம்பும்போது கேஸை மூடினேன். தொட்டிச் செடிகளை எதிர் வீட்டம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன். "ஒரு மாசத்துக்கு எதுக்குங்க செடியையே தூக்கிக் குடுக்குறீங்க?" என்று கேட்டாள். தண்ணீர் ஊற்ற ஆளில்லை என்றேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டிக் காபி. நான் கேட்கவே இல்லை.

கொண்டுவந்தவர் பூமிநாதன். பழைய லாட்ஜில் சின்ன வயதிலேயே வேலைக்குச் சேர்ந்தவர். பூட்டிய பிறகு கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தாராம், நிரஞ்சன் தேடிப் பிடித்துக் கூட்டி வந்திருக்கிறான். "நான்தாங்க ரூம் பாய்" என்றார். தலை முழுக்க நரைத்த பிறகு என்ன பாய் என்று கேட்டேன். "அது வேலையோட பேரு, டீச்சரம்மா. கட்டையில போற வரைக்கும் பாய்தான்." டீச்சரம்மா இல்லை, புரொபசர் என்று திருத்தினேன். "சரிங்க டீச்சரம்மா" என்றார்.

காபியா அது? பாகு. சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருக்கிறார். நாளையிலிருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

மறுபடியும் காபி.

ஆகஸ்ட் 6, புதன்

நிரஞ்சன் வந்தான். இரண்டு கையிலும் போன். புத்தகத்தில் சுவாரசியம் வேண்டுமாம். "பெரிய தலைவர் யாராச்சும் தங்கியிருக்காங்களா ஆன்ட்டி? சினிமா ஸ்டார்? வெள்ளைக்காரக் கலெக்டர்?"

"தங்கினதெல்லாம் ஜவுளி ஏஜெண்டு, வத்தல் வியாபாரி, கோர்ட்டுக்கு வாய்தாவுக்கு வந்தவங்க."

"கோர்ட்டு வேணாம் ஆன்ட்டி, நெகட்டிவா இருக்கும்."

கீழே சாப்பாட்டுக் கூடத்துக்கு ஏன் இரண்டு வாசல் என்று கேட்டான். ஒன்றுக்கு நல்ல சித்திர வேலை, இன்னொன்று மொட்டை. முப்பதுகளில் சாதிக்கு ஒரு வாசல் இருந்தது, மொட்டை வாசல் வழியாக வந்தவர்களுக்குத் தனிப் பந்தி, என்றேன். அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "அதை ‘இரட்டை வாசல்’னு மட்டும் போட்டுக்கலாமா?" என்றான். போட முடியாது என்றேன். பாவம், பையன் நல்லவன்தான். வரலாறு என்றால் வர்ணம் அடித்த சுவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

கவுண்டருக்குப் பின்னால் பழைய சாவிப் பலகையை மெருகேற்றி மாட்டியிருக்கிறார்கள். கதவுகளுக்கு இனி அட்டைச் சாவி. இது சும்மா அழகுக்கு. வரிசையாக ஆணிகள், ஒவ்வொன்றின் கீழும் நம்பர். பதினாலில் மட்டும் ஒரு பித்தளை வில்லை தொங்கியது, பழைய ஓட்டைக் காலணா அளவுக்கு. டிசைனர் எதையோ மாட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வேலை ஆட்கள் யாரும் வரவில்லை. அறை அறையாகச் சுற்றிப் பார்த்தேன். எல்லாக் கட்டில்களிலும் பிளாஸ்டிக் உறை போட்ட மெத்தை. எல்லாக் கண்ணாடிகளிலும் நான்.

மத்தியானம் பக்கத்து மெஸ்ஸுக்குப் போனேன். "ஒரு ஆளா மேடம்?" என்று கேட்டுவிட்டு, யாரோ ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்த மேஜையின் ஓரத்தில் உட்கார வைத்தார் பரிமாறுகிறவர். அந்தக் குடும்பம் எனக்காகக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது. அவர்களில் ஒரு குழந்தை என் அப்பளத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. கொடுத்தேன். அம்மாக்காரி ‘தேங்க்யூ சொல்லு’ என்றாள். அதற்குப் பிறகு சாயங்காலம் வரை யாரோடும் பேசவில்லை. தொண்டை கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது, சும்மா ‘ஹலோ’ என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பூமிநாதனுக்குத் தலைப்பாகை கொடுத்திருக்கிறார்கள். சிவப்புத் துணி, முன்னால் விசிறி மடிப்பு. இதைக் கட்டிக்கொண்டுதான் விருந்தாளிகளுக்கு முன்னால் வர வேண்டுமாம். "நாயுடு காலத்துல இப்பிடியா கட்டினீங்க?" என்று கேட்டேன். "நாயுடு காலத்துல தோள்ல ஒரு துண்டுதாங்க. இதக் கட்டினா எம் பொண்டாட்டியே சிரிக்கிறா." எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை நாளைக்குப் பிறகு!

ஆனால் ஒன்று. காபியை வைத்துவிட்டுப் போவதில்லை மனிதர். நான் முதல் வாய் குடிக்கிற வரைக்கும் கதவுப் பக்கத்தில் நிற்கிறார். ஏன் நிற்கிறீர்கள் என்றால் "டம்ளர் வேணுமுங்க" என்கிறார். டம்ளருக்கா பஞ்சம்?

வீட்டில் காபி என் வீட்டுக்காரர்தான் போடுவார். கல்யாணமான மறு வாரத்திலிருந்து. எனக்குக் காலையில் முதல் வகுப்பு, அவருக்குக் கூட்டுறவு வங்கி பத்து மணிக்குத்தான். ஓய்வு பெற்ற பிறகும் அதே வழக்கம். ஆறு மணிக்கு டபரா சத்தம் கேட்கும், அதற்குப் பிறகுதான் கண்ணைத் திறப்பேன். எனக்குக் காபி போட்டுப் பழக்கமே இல்லை. இந்த ஏழு மாதமாக வீட்டில் காபி கிடையாது. உடம்புக்கும் அது நல்லதுதான்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

முன்வாசலில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். வசுமதி வந்திருந்தாள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நாடகக் கம்பெனி ஒன்று மாடி முழுக்கத் தங்கியிருந்ததாம். எமதர்மன் வேஷக்காரர் தன் கறுப்பு அங்கியைத் துவைத்து வராண்டாவில் காயப் போட, அதைப் பார்த்துவிட்டுக் கீழே ரிக்‌ஷாக்காரர்கள் இரண்டு நாள் சவாரியே ஏற்ற மாட்டேன் என்றார்களாம். அவள் சொல்லச் சொல்ல விழுந்து விழுந்து சிரித்தோம். நிரஞ்சன் அதையும் வேண்டாம் என்பான். எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்று தெரிந்துகொண்டதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

மதுரையில் எந்த லாட்ஜிலும் தனி ஆளுக்கு லேசில் அறை கொடுக்க மாட்டார்கள். பொம்பளை என்றால் கேட்கவே வேண்டாம். சர்வீஸில் இருந்த காலத்தில் விடைத்தாள் திருத்த வெளியூர் போய் நானே ராத்திரி பெட்டியோடு ஒவ்வொரு படியாக ஏறி இறங்கியிருக்கிறேன். ஆனால் சந்திரோதயத்தில் தனியாக வந்தவர்கள் தாராளமாகத் தங்கியிருக்கிறார்கள், பெண்கள்கூட. இது எப்படி என்று வசுமதியைக் கேட்டேன். 

"நான் பொறக்குறதுக்கு முந்தி நடந்தது மிஸ். ஒருத்தர் தனியா வந்து தங்கியிருக்காரு. ரெண்டு நாளாக் கதவு தெறக்கல. யாரும் கவனிக்கல. அப்புறம் ஒடைச்சுப் பாத்தா... தானாவே போய்ச் சேந்துட்டாரு. தெருவுல மத்த லாட்ஜுக்காரங்க எல்லாம் அன்னைக்கே ‘தனி நபருக்கு அறை இல்லை’ன்னு போர்டு மாட்டிட்டாங்க. தாத்தா மாட்டல. ‘தனியா வர்றவனுக்குத்தான்டா ரூம் வேணும், குடும்பமா வர்றவனுக்குச் சொந்தக்காரன் வீடு இருக்கு’ன்னாராம். அவரு செத்ததைவிட, ரெண்டு நாளா நம்ம கட்டடத்துல ஒரு ஆளு என்ன ஆனான்னு யாருக்குமே தெரியலையேன்னுதான் தாத்தாவுக்கு ஆறவே இல்ல. எந்த ரூம்னுகூட கடைசி வரைக்கும் யாருகிட்டயும் சொல்லல."

அதற்குப் பிறகு நாயுடு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார். தனியாக வந்து தங்குகிறவர்களின் சாவி ஆணியில் ஒரு பித்தளை வில்லை. வில்லை தொங்கும் அறைக்குக் காலை ஆறு மணிக்குக் கேட்காமலே காபி. கதவைத் திறந்து கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாசலில் வைத்துவிட்டு வரக் கூடாது. திறக்காவிட்டால் கூப்பிட வேண்டும். கூப்பிட்டும் திறக்காவிட்டால் கதவை உடைக்க வேண்டும், முதலாளியைக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

"தனியா வர்ற எல்லாருக்குமா?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும்தான் மிஸ். ஒருத்தருக்கு மட்டும் குடுத்தா அவருக்குச் சங்கடமா இருக்குமே."

கீழே போய்ச் சாவிப் பலகையைப் பார்த்தேன். பதினாலில் வில்லை.

என்னைப் பார்த்தால் எப்படித் தெரிகிறது இந்தப் பூமிநாதனுக்கு? முப்பது வருஷம் வகுப்பெடுத்தவள் நான். நான் பேச ஆரம்பித்தால் கடைசி பெஞ்சு வரைக்கும் மூச்சுக் காட்டாது. வில்லையைக் கழற்றி மேஜை டிராயருக்குள் போட்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

காபி வந்தது. பூமிநாதனைப் பிடித்து விளாசிவிட்டேன். "நான் வேலைக்கு வந்திருக்கேன், தெரியுமா? நான் உங்க லாட்ஜுக்கு வந்த அநாதை இல்ல. எனக்கு இதே ஊர்ல சொந்த வீடு இருக்கு."

பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "வீடு இருக்குறவங்க இங்க எதுக்கு டீச்சரம்மா இருக்கீங்க?" என்றார்.

திமிர் பிடித்த ஆள். டம்ளரை வெடுக்கென்று கையில் கொடுத்தேன். சாயங்காலம் பார்க்கிறேன், வில்லை பழையபடி ஆணியில் தொங்குகிறது.

ஆகஸ்ட் 23, சனி

தனி ஆள் காபியைப் பற்றி ஒரு அத்தியாயம் எழுதி நிரஞ்சனுக்கு அனுப்பினேன். ‘செம்ம ரைட்டிங் ஆன்ட்டி, ஆனா டெத் வேணாமே’ என்று பதில் வந்தது, கூடவே ஒரு கும்பிடு பொம்மை.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. பூமிநாதன் வீட்டிலிருந்து கொழுக்கட்டை கொண்டுவந்தார். பூரணத்திலும் சர்க்கரை அதிகம், குடும்பமே அப்படித்தான் போலிருக்கிறது. நன்றாகத்தான் இருந்தது.

விழாவுக்குக் கட்ட ஒரு பட்டுப்புடவை எடுத்து வரலாம் என்று வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில் நல்ல கூட்டம். கேட்டில் பால் பாக்கெட்டுக்கு மாட்டிய பை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது, வெயிலில் வெளுத்து. நடையில் வேப்பஞ்சருகு. எதிர் வீட்டில் என் செடிகள் நன்றாக இருக்கின்றன, ரோஜா பூத்திருக்கிறது.

சாவி திரும்பவில்லை. பூட்டில் துரு பிடித்திருக்கும். திரும்பி வந்துவிட்டேன். புடவை ஒன்று புதிதாக வாங்கிக்கொண்டால் போகிறது.

ஆகஸ்ட் 28, வியாழன்

ஒன்றும் எழுதவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கதவை உடைத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 30, சனி

நேற்று நடந்தது இது. கீழே துளை போடுகிற மிஷின் சத்தம் தாங்காமல் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அதனால் பூமிநாதன் தட்டியது கேட்கவில்லை. அவர் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கீழே தரை வேலை செய்கிறவர்களிடமிருந்து கடப்பாரையை வாங்கிக்கொண்டு வந்து, ஆள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு நெம்பிவிட்டார். உள்ளே குறுக்குக் கட்டை போட்டிருந்தேன். கட்டை முறியவில்லை, கதவின் ஒரு பலகைதான் மேலிருந்து கீழ்வரை பிளந்தது. அந்தக் காலத்துத் தேக்கு. காரைக்குடியிலிருந்து ஆசாரி வந்து தங்கி இழைத்துக் கொடுத்த கதவு.

நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். பூமிநாதன் பிளவு வழியாகக் கையை விட்டுக் கட்டையை எடுத்துவிட்டு உள்ளே வந்தார். தலைப்பாகை அவிழ்ந்து தோளில் கிடந்தது. என்னைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, "காபி ஆறிப் போச்சு, வேற கொண்டாறேன்" என்று எழுந்து போனார். கொண்டுவந்தார். நின்றார். குடித்தேன்.

நிரஞ்சன் கேட்டதற்குப் பஞ்சு விஷயத்தைச் சொன்னேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

காலையில் காபி வரவில்லை.

ஆறு மணி ஆயிற்று, ஆறரை ஆயிற்று. பிளந்த கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தை மாதத்தில் அவர் போன அன்றைக்கும் இப்படித்தான். டபரா சத்தம் கேட்கவில்லை. அதனால்தான் தெரிந்தது.

சாரம் பிரிக்கிறவன் ஒருவன் சொன்னான்: பூமிநாதனை வேலைக்கு வர வேண்டாம் என்று நிரஞ்சன் அனுப்பிவிட்டானாம்.

செப்டம்பர் 1, திங்கள்

படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் அலுவலக அறைக்குப் போனேன். நிரஞ்சனும் வசுமதியும் விருந்தாளிகளை எங்கே உட்கார வைப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பூமிநாதன் எங்கே என்று கேட்டேன்.

"ஓப்பனிங் முடியட்டும் ஆன்ட்டி, அப்புறம் பாத்துக்கலாம்" என்றான் நிரஞ்சன். "தொண்ணூறு வருஷத்துக் கதவு. ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல எனக்கு? நாளைக்கு கெஸ்ட் ஒருத்தர் அசந்து தூங்கினா அவர் கதவையும் உடைப்பாரா? நீங்கதான் சொன்னீங்களே, பஞ்சு வச்சிருந்ததால கேக்கலைன்னு."

நான்தான் சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நின்றுகொண்டு சொல்ல முடியும் என்று தோன்றவில்லை.

"பஞ்சு வைக்கல நிரஞ்சன். கேட்டுச்சு. மொதத் தட்டுலயே கேட்டுச்சு. ‘டீச்சரம்மா, டீச்சரம்மா’ன்னு கூப்பிட்டதும் கேட்டுச்சு. எழுந்திரிக்கணும்னு தோணல. இனிமே எதுக்கு எழுந்திரிக்கணும்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

வசுமதி என் கையைப் பிடித்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை, பார்த்தால் அழுதுவிடுவேன் என்று தெரியும். பார்க்காமலே அழுதேன். "வீட்டுல மோட்டார் நல்லாத்தான் ஓடுது வசு. பூட்டும் நல்லாத்தான் இருக்கு. சாவி திரும்புச்சு. கதவைத் தள்ளத்தான் எனக்குத் தைரியம் வரல. உள்ள அவரு இல்லையேம்மா. அந்த வீட்டுக்குள்ள போனா, நான் இருக்கேனா இல்லையான்னு தட்டிப் பாக்கக்கூட ஒரு ஆளு கிடையாது."

நிரஞ்சன் இரண்டு போனையும் மேஜையில் கவிழ்த்து வைத்தான்.

"இன்னும் கொஞ்ச நேரம் அவர் தட்டாம இருந்திருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்னு எனக்குத் தெரியாது" என்றேன். "ஒண்ணும் செஞ்சிருக்க மாட்டேன்னுதான் நெனைக்கிறேன். ஆனா தெரியாது. அந்த ஆளுக்கும் தெரியாது. அதான் ஒடைச்சாரு. உங்க கொள்ளுத்தாத்தா சொல்லி வச்சதைத்தான் செஞ்சாரு. இந்தக் கட்டடத்தோட வரலாறு என்னன்னு கேட்டியே, இதுதான். நான் எழுதினதை நீ போடு, போடாம இரு. அவரைக் கூப்பிடு."

 மேலே எங்கோ சுத்தியல் சத்தம். பிறகு வசுமதி மகனிடம் ஏதோ தெலுங்கில் சொன்னாள், எனக்குப் புரியவில்லை. அவன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஆறு மணிக்குக் காபி. தலைப்பாகை இல்லை, தோளில் துண்டு.

"டம்ளர் வேணுமுங்க" என்றார்.

"நில்லுங்க" என்றேன். மெதுவாகத்தான் குடித்தேன்.

செப்டம்பர் 3, புதன்

ஆசாரி வந்து கதவுக்கு ஒட்டுப் போட்டுவிட்டார். புதுத் துண்டு வெளிறிப்போய்த் தனியாகத் தெரிகிறது. சாயம் ஏற்றிவிடலாமா என்று கேட்டார். அப்படியே இருக்கட்டும் என்று நிரஞ்சன் சொன்னானாம்.

அத்தியாயம் புத்தகத்தில் வருகிறது, மரணத்தோடு. இரட்டை வாசலும் வருகிறது, சாதியோடு. எமதர்மனின் அங்கியை மட்டும் விட்டுவிட்டான், என்ன கணக்கோ! கூடவே ஒரு கூத்து. தனி ஆள் காபி அவனுக்கு ரொம்பப் பிடித்துப் போய், எல்லா விருந்தாளிகளுக்கும் காலையில் ‘பாரம்பரிய வைகறைக் காபி’ என்று அச்சடித்துவிட்டான். அட்டையில் டபரா படம் வேறு. பூமிநாதனிடம் காட்டினேன். உதட்டைப் பிதுக்கினார். "எல்லாத்துக்கும் குடுக்கட்டுங்க, நல்லதுதான. நிக்க வேண்டியது எந்தக் கதவுன்னு எனக்குத் தெரியும்."

பெட்டியைக் கட்டிவிட்டேன். நாளைக்கு வீடு.

செப்டம்பர் 4, வியாழன்

நாதஸ்வரம், சந்தனம், பன்னீர். கட்டடம் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, ஒத்துக்கொள்ள வேண்டும். பெரிய மனிதர்கள் வந்து படிக்கட்டில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நான் கட்டிக்கொண்டது வசுமதி கொண்டுவந்த புடவை.

சாயங்காலம் அவள் காரில் கொண்டுவந்து விட்டாள். போகிற வழியில் அவளே இறங்கிப் பால் பாக்கெட்டும் ரொட்டியும் வாங்கினாள். "உள்ள வரட்டுமா மிஸ்?" என்றாள். வா என்றேன். சாவியைத் திருப்பியது நான், கதவைத் தள்ளியது அவள். கூடத்து விளக்கைப் போட்டாள், ஜன்னல்களைத் திறந்தாள், அவர் படத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றாள். கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனாள். கார் தெரு முனை திரும்புகிற வரைக்கும் கேட்டில் நின்றேன்.

வீடு பெரிதாக இருக்கிறது. இத்தனை பெரிய வீட்டில் இரண்டே பேர் எப்படி இருந்தோம் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

தானாகவே விழிப்பு வந்துவிட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன், ஆறாகப் போகிறது. எழுந்திருக்காமல் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். யார் வரப்போகிறார்கள், என்ன பைத்தியக்காரத்தனம் இது என்று என்னையே திட்டிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கவில்லை.

போன் அடித்தது. ஹோட்டல் நம்பர்.

"டீச்சரம்மா, காபி குடிச்சாச்சா?"

"உங்களுக்கு வேற வேலையே இல்லையா? விருந்தாளி இருக்குற எடத்துல..."

"இருக்காக, நெறையப் பேரு. இப்பத்தான் டிக்காஷன் எறங்குது. குடிச்சாச்சா?"

"இல்ல."

"சரி, போடுங்க."

"பதினாலுல யாரு இருக்கா?"

"புருசன் பொண்டாட்டிங்க. பெங்களூரு."

"அப்ப அந்த வில்லையைக் கழட்டணுமே. அது தனி ஆளுக்குத்தான?"

"கழட்டலையே" என்றார். "அது நீங்க இருந்த ரூமு. எப்பக் கழட்டணும்னு நீங்க சொல்லுங்க."

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.  "கழட்டிராதீங்க பூமிநாதன்" என்றேன்.

"சரிங்க. போனை வச்சிராதீங்க, நிக்கிறேன்."

போனை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, கேஸைத் திறந்து பற்ற வைத்தேன். வசுமதி வாங்கிக் கொடுத்த பாலை ஏற்றினேன். காபிப்பொடி டப்பா அவர் வைத்த இடத்திலேயே இருந்தது, உள்ளே அவர் போட்ட ஸ்பூனோடு. ஃபில்டரில் எவ்வளவு போடுவது என்று தெரியாமல் கண்டபடி போட்டேன். டிக்காஷன் இறங்குகிற பாடாக இல்லை. போனில் பின்னால் பாத்திரச் சத்தம், யாரோ ‘பூமியண்ணே, ஏழாம் நம்பருக்கு’ என்று கூப்பிட்டார்கள். "இரப்பா, ஒரு ரூம்ல நிக்கிறேன்" என்று அவர் அதட்டினார்.

"சக்கரை போட்டீங்களா டீச்சரம்மா?"

"புரொபசர்" என்றேன். "ரெண்டு ஸ்பூன்."

"பத்தாது."

குடித்தேன். "குடிச்சிட்டேன்" என்றேன்.

"சரிங்க. நாளைக்குக் கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டார்.

காபி வாயில் வைக்க விளங்கவில்லை. எட்டு மாதத்துப் பழைய பொடி, வாசனையே போய்விட்டது. முழுக்கக் குடித்தேன். பிறகு எதிர் வீட்டுக்குப் போய் ரோஜாத் தொட்டியை மட்டும் திருப்பிக் கேட்டு வாங்கி வந்தேன். வெயில் ஏறுவதற்குள் கடைத்தெருவுக்குப் போக வேண்டும், புதுப் பொடி அரைத்து வாங்க வேண்டும்.